போன காதலைத் தூக்குப்பாத்திரத்தில் எழுதுவது எப்படி

கைவிட்டுப் போன காதலைப் பற்றிக் கவிதை எழுத நினைக்கிறவர்கள் முதலில் எழுந்து அடுக்களைக்குப் போக வேண்டும். அங்கே ஒன்றும் அகப்படவில்லை என்றால் பரணில் தேடலாம். ஜன்னலோரம் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தால் நிலாதான் வரும். அதை எல்லோரும் எழுதி முடித்தாகிவிட்டது.

களியக்காவிளையில் பழைய சாமான் கடை வைத்திருக்கிறேன். ஆக்கர் கடை என்று சிலர் சொல்வார்கள், எனக்குப் பிடிக்காது. ஆக்கர்காரர் எடைபோட்டு வாங்குவார், நான் பார்த்து வாங்குவேன். சோதனைச்சாவடி தாண்டினால் இஞ்சிவிளை, கேரளம். இரண்டு பக்கமும் ஓட்டு வீடுகளைப் பொளித்துக் கான்கிரீட் கட்டுகிறார்கள். அந்த வீடுகளின் கட்டில், உருளி, கிண்டி, சீனபரணி, வெற்றிலைச் செல்லம் எல்லாம் என் கடைக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கவிதை எழுதுகிற பிள்ளைகள் சிலரும் வருவார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பாடம் என் சொந்தச் சரக்கு இல்லை. துருக்கிக் கவிஞர்களை மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் படித்துப் பொறுக்கியது. அவர்களில் எடிப் ஜான்செவர் (1928–1986) தொழில்முறையில் எனக்கு மூத்தவர். இஸ்தான்புல்லில் கபலிசார்ஷி என்ற பெரிய மூடுசந்தையில் பழம்பொருள் கடை வைத்திருந்தார். கூட்டாளி கீழே வியாபாரத்தைக் கவனிக்க, இவர் மேலே உட்கார்ந்து கவிதை எழுதினார். எனக்கு அப்படி ஒரு கூட்டாளி வாய்க்கவில்லை.

யார் வீட்டு விளக்கு?

துருக்கிக் கவிதையில் வீட்டுப் பொருள் புதிதாக வந்ததில்லை. ஒட்டோமான் காலத்து மரபுக்கவிதையான திவான் கவிதையில் மெழுகுவர்த்தி, கண்ணாடி, சீப்பு, மதுக்கிண்ணம் எல்லாம் உண்டு. 16ஆம் நூற்றாண்டின் ஃபுஸூலி, என் பெருமூச்சில் வானங்களே எரிந்துவிட்டன, என் ஆசையின் மெழுகுவர்த்தி மட்டும் பற்றாதா என்று கேட்கிறார். நல்ல வரி. ஆனால் அந்த மெழுகுவர்த்தி எந்த வீட்டில், எந்தத் தட்டில் நின்றது, யார் ஏற்றினார்கள் என்று கேட்டால் பதில் வராது. அது எல்லோருக்கும் பொதுவான மெழுகுவர்த்தி. நம்மிடமும் இப்படி ஒன்று இருக்கிறது. பிரிவு என்றதும் தலைவியின் கையிலிருந்து கழன்று விழுகிற வளை. முதலில் எழுதியவருக்கு அது ஒரு பெண்ணின் கை, ஒரு பெண்ணின் வளை. ஆயிரம் பேர் எழுதிய பிறகு அது வெறும் சத்தம்.

1941இல் ஒர்ஹான் வெலி, ஒக்தாய் ரிஃபாத், மெலிஹ் ஜெவ்தெத் மூன்று பேரும் ‘கரிப்’ என்று ஒரு சின்னப் புத்தகம் போட்டார்கள். எதுகை, அணி, அலங்காரம் எல்லாவற்றையும் தூக்கி வெளியே வைத்தார்கள். காலில் ஆணிவந்து அவதிப்பட்டுச் செத்த சுலைமான் எஃபெந்திக்கு ஒர்ஹான் வெலி கல்லறைக் கவிதை எழுதினார். ஊர் சிரித்தது, சண்டையும் போட்டது. அதற்குப் பிறகுதான் கவிதைக்குள் வந்த பாத்திரத்துக்கு ஒரு சொந்தக்காரர் கிடைத்தார் என்று நினைக்கிறேன். நீங்கள் தொடங்க வேண்டிய இடமும் அதுதான். சொந்தக்காரர் உள்ள பொருள்.

எதை எடுப்பது, எதை விடுவது

பரிசுப் பொருளை எடுக்காதீர்கள். கரடிப் பொம்மை, கீ செயின், வாழ்த்து அட்டை எதுவும் வேண்டாம். அதெல்லாம் கடையில் வாங்கும்போதே “நான் உன்னை நேசிக்கிறேன்” என்று சொல்லிவிட்டது. நீங்கள் மேற்கொண்டு சொல்ல அதில் இடமில்லை. துருக்கி நாட்டுப்பாடல்களில் கைக்குட்டை வருகிறதே என்று கேட்பீர்கள். அந்தக் கைக்குட்டையில் பெரும்பாலும் அவள் கைப்பட்ட தையல் இருக்கும். அப்படி ஒன்று உங்களிடம் இருந்தால் தாராளமாக எழுதுங்கள்.

உடைந்த பொருளையும் எடுக்காதீர்கள். உடைந்த கண்ணாடி, அறுந்த வீணை, நின்றுபோன கடிகாரம் எல்லாம் வாசலிலேயே நின்று அழுகிற சாமான். இப்போதும் வேலை செய்துகொண்டிருக்கிற பொருள்தான் வேண்டும். அவள் போனபிறகும் தேங்காய் துருவுகிற திருவலை, அவன் போனபிறகும் திறந்து மூடுகிற கதவு.

கண்ணாடியில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர் பொட்டை எடுக்கவே எடுக்காதீர்கள். முதல் இருபது கவிதைகள் நன்றாக இருந்தன.

பொருள் பழசாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. பழைய சாமான் விற்கிறவன் இப்படிச் சொல்வது வியாபாரத்துக்கு நல்லதில்லைதான். துருக்கி என்றால் இடை சிறுத்த கண்ணாடித் தம்ளரில் சிவப்புத் தேநீர் என்று நினைக்கிறோம். ஆனால் கருங்கடல் ஓரம் ரிஸெ பகுதியில் தேயிலை பெரிதாகக் கால் ஊன்றியதே 1930, 40களில்தான். அதற்கு முன் அது காப்பி குடிக்கிற நாடு. வீட்டுக்குள் புதிதாக வந்த தம்ளரைத்தான் அங்கேயும் எழுதினார்கள். உங்களுக்கு மிக்ஸி ஜார் போதும், கேஸ் லைட்டர் போதும். அந்தத் துருக்கித் தம்ளரை மட்டும் அப்படியே தூக்கிவந்து நம் கவிதையில் வைக்காதீர்கள். பாறசாலையில் சாயா கோடுபோட்ட கிளாஸில் வருகிறது.

கவிழ்த்துப் பார்ப்பது

பொருளை எடுத்தாயிற்றா? சரி, இப்போது கவிதையை மறந்துவிட்டு அதை விலைக்கு வாங்கப் போகிறவர் மாதிரி பாருங்கள். ஒரு பித்தளை உருளி வந்தால் நான் என்ன செய்வேன் என்று சொல்கிறேன். முதலில் கவிழ்ப்பேன். அடியில் கரி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்தால் விறகடுப்பில் இருந்ததா, கல்யாணத்துக்கு மட்டும் எடுத்ததா என்று தெரிந்துவிடும். அப்புறம் நிமிர்த்தி உள்ளே ஈயப்பூச்சைப் பார்ப்பேன். பூச்சு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. கரண்டி போய்ப் போய் இடிக்கிற பக்கம் சீக்கிரம் போய்விடும், அங்கே மஞ்சள் எட்டிப் பார்க்கும். திருவலையில் கால்மடக்கி உட்கார்ந்தவர் எந்தப் பக்கம் சாய்ந்து துருவினாரோ அந்தப் பக்கம் பலகை வழவழவென்று இருக்கும். பாத்திரத்தின் காதில் தறையாணி அடித்துச் சரிசெய்திருந்தால், தூக்கிப்போடாமல் பட்டறைக்குக் கொண்டுபோன ஒருவர் அந்த வீட்டில் இருந்திருக்கிறார்.

கடைசியில் பேர். எவர்சில்வர் கடைகளில் கல்யாணச் சீருக்குப் பாத்திரம் வாங்கும்போது பேர் வெட்டித் தருவார்கள், புள்ளி புள்ளியாக. பெண்ணின் பேர் இருக்கும், சிலதில் வீட்டுப் பேர், சிலதில் வருஷம். கேரளப் பக்கத்திலிருந்து வருகிற பாத்திரத்தில் மலையாள எழுத்து, இந்தப் பக்கத்தில் தமிழ். எங்கள் விளவங்கோடு தாலுகா 1956 நவம்பர் 1 அன்றுதான் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து, இன்று தமிழ்நாடு என்கிற அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஆனால் பழைய செப்புப் பாத்திரம் ஒன்றில் இரண்டு எழுத்தையும் பார்த்திருக்கிறேன், மூடியில் ஒன்று, வயிற்றில் ஒன்று. அதை விற்காமல் வைத்திருக்கிறேன்.

பார்த்ததை ஒரு தாளில் எழுதுங்கள். உலோகம், பாரம், நெளிவு, கறை, நாற்றம். “சோகமான” என்றோ “மௌனமான” என்றோ எழுதினால் அடித்துவிடுங்கள். உருளிக்கு மௌனம் கிடையாது, தட்டினால் சத்தம் வரும்.

தடம்

இதுதான் முக்கியம், இங்கே கொஞ்சம் நிற்கலாம்.

நாசிம் ஹிக்மெத் பூர்ஸா சிறையில் இருந்தபோது, இரவு 9 மணி முதல் 10 மணி வரை மனைவி பிராயேயைப் பற்றி மட்டும் எழுதுவது என்று வைத்துக்கொண்டார். 1945இல் எழுதிய அந்தக் கவிதைகளுக்கு ‘21–22 மணிக் கவிதைகள்’ என்றே பேர். அதில் ஒன்றில், உன் பேரை என் கைக்கடிகார வாரில் நகத்தால் கீறினேன் என்கிறார். நான் இருக்கிற இடத்தில் முத்துச்சிப்பிப் பிடி போட்ட கத்தி கிடையாது, மேகத்தில் தலைவைத்த மரமும் கிடையாது என்று அதற்குக் காரணமும் சொல்கிறார். காதலர்கள் மரத்தில் பேர் செதுக்குவார்கள், கத்தி வேண்டும். சிறையில் கத்தி தர மாட்டார்கள், மரமும் இல்லை. மிச்சம் இருப்பது நகமும் தோல் வாரும். சிறை எவ்வளவு இறுக்கம் என்று அவர் தனியாகச் சொல்லவே இல்லை. அந்த வாரே சொல்லிவிட்டது. விடுதலையான பிறகு அந்தத் தாம்பத்தியம் நீடிக்கவில்லை. இப்போது படிக்கும்போது அந்த நகக்கீறல் இன்னும் ஆழமாகத் தெரிகிறது.

ஒர்ஹான் வெலியின் கல்லறைக் கவிதையில் மூன்றாம் பகுதி ஒரு சிப்பாயைப் பற்றியது. அவன் துப்பாக்கியைக் கிடங்கில் வைத்துவிட்டார்கள், உடுப்பை இன்னொருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். இனி அவன் பையில் ரொட்டித்தூள் இல்லை, தண்ணீர்ப் புட்டியில் அவன் உதட்டுத் தடமும் இல்லை. தடம் இருக்கிறது என்று சொல்வதைவிட இது கடுமை. பொருள் இருக்கிறது, தடம் போய்விட்டது. முடிவில் மட்டும், காப்பிக்கடை அடுப்படியில் அவன் கையெழுத்தில் ஒரு வரி மிஞ்சியதாகச் சொல்கிறார்: சாவு ஆண்டவன் கட்டளை, பிரிவு மட்டும் இல்லாதிருந்தால். கவிதை முழுக்க உணர்ச்சியைச் சொல்கிற வரி அது ஒன்றுதான். அதையும் தன் வாயால் சொல்லாமல் செத்தவன் எழுதிவைத்ததாகச் சொல்கிறார்.

ஆக, தாளில் எழுதியதிலிருந்து ஒரே ஒரு தடத்தைத் தேடி எடுங்கள். உதடு பட்ட இடம், நகம் பட்ட இடம், விரல் பிடித்துப் பிடித்துப் பளபளப்பேறிய கைப்பிடி. இரண்டு கைகள் பட்ட இடம் கிடைத்தால் இன்னும் நல்லது. தடமே கிடைக்காத பொருளை அலமாரியில் திரும்ப வைத்துவிட்டு வேறு எடுங்கள்.

மேஜைமேல் எதை முதலில் வைப்பது

ஜான்செவருக்கு ஒரு மேஜைக் கவிதை உண்டு, துருக்கியில் மிகவும் பிரபலம். ஒரு ஆள் மேஜைமேல் சாவியை வைக்கிறார். செப்புக் கிண்ணத்தில் பூவை வைக்கிறார். பால், முட்டை, ஜன்னல் வெளிச்சம், சைக்கிள் சத்தம் என்று வைத்துக்கொண்டே போகிறார். அப்புறம்தான் யாரை நேசித்தார், யாரை நேசிக்கவில்லை என்பதையும் வைக்கிறார். மேஜை ஒன்றிரண்டு முறை ஆடிவிட்டு நின்றது. அது துக்கக் கவிதை இல்லை, வாழ்கிற சந்தோஷத்தில் ஒருவர் வைத்துக்கொண்டே போவது. ஆனால் வரிசையைப் பாருங்கள். சாவி முதலில், காதல் பின்னால். நம் பிள்ளைகள் முதல் வரியிலேயே காதலைக் கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள். மேஜை அப்போதே சாய்ந்துவிடுகிறது.

அதே நாட்டில்தான் ஓர்ஹான் பாமுக் ஒரு காதலியின் பொருள்களுக்காக நாவலும் எழுதி, 2012இல் இஸ்தான்புல்லின் சுகுர்ஜுமாவில் நிஜமாகவே ஓர் அருங்காட்சியகமும் திறந்தார். அவள் புகைத்ததாகச் சொல்லப்படும் சிகரெட் துண்டுகள் மட்டும் 4,213. நாவலுக்கு அது சரி. கவிதைக்கு ஒரு துண்டு போதும். கடை நிறையச் சாமான் வைத்திருக்கிற எனக்குத் தெரியும், வருகிறவர்கள் ஒன்றைத்தான் கையில் எடுத்துப் பார்ப்பார்கள்.

பொருளை அதன் இடத்திலேயே விட்டுவைப்பதற்கு அஹ்மெத் முஹிப் திரானாஸின் ‘ஃபஹ்ரியே அக்கா’வைப் படியுங்கள். அக்கம்பக்கத்தில் வசித்த ஒரு மூத்த பெண்ணை நினைத்துப் பார்க்கிற கவிதை. காற்றில் கரிப்புகை நாற்றம், இருட்டுவதற்கு முன்பே சாத்துகிற கதவுகள், பெட்டி மாதிரி ஒரு குட்டி வீடு, கொடி மூடிய பால்கனி, வருஷம் முழுக்கப் பச்சையாக ஜன்னலில் ஒரு தொட்டிச் செடி. அக்கா ஒரு இளைஞனை விரும்பியதாக ஊர் பேசியது. கடைசியில் எர்சின்ஜான்காரர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். இன்னும் அந்தப் பனிமலை ஊரில்தான் இருக்கிறாயா என்று கவிதை சொல்கிறவன் கேட்கிறான். அந்தத் தொட்டியைப் பற்றி ஒரு வரிக்குமேல் இல்லை. வாடியதாகவும் சொல்லவில்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் வளர்ந்த எவனுக்கும், புனலூருக்கோ நெய்யாற்றின்கரைக்கோ கல்யாணமாகிப் போன ஒரு அக்கா இருப்பாள். துருக்கி தெரியாவிட்டாலும் இந்தக் கவிதை புரியும்.

பெரிய காதலாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பெஹ்செத் நெஜாதிகிலை (1916–1979) வீடுகளின் கவிஞர் என்றே அங்கே சொல்வார்கள், 1953இல் வந்த அவருடைய தொகுப்பின் பேரே ‘வீடுகள்’. பள்ளிக்கூட வாத்தியார். அன்பை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டவர்களைப் பற்றி அவர் ஒரு கவிதை எழுதியிருக்கிறார். கூச்சத்தால் சொல்லவில்லை, நேரமும் வாய்க்கவில்லை. அவ்வளவுதான் அதில் நடப்பது.

ஒரு தூக்குப்பாத்திரம்

பக்கத்து மொபைல் கடைப் பையன் ஒரு கவிதை கொண்டுவந்தான். “உடைந்த கண்ணாடி நான், ஒவ்வொரு துண்டிலும் உன் முகம்” என்று தொடங்கியது. “மக்களே, வீட்டில் கண்ணாடி உடைஞ்சுதா?” என்று கேட்டேன். “இல்ல அண்ணாச்சி, சும்மா எழுதுனேன்” என்றான். கண்ணாடி எழுத வேண்டும் என்றால் ஜாஹித் சித்கி தராஞ்சியைப் படி என்றேன். முப்பத்தைந்து வயதைப் பற்றிய அவருடைய கவிதை 1946இல் பரிசு வாங்கியது. அதில், வருஷக்கணக்காக நண்பர்கள் என்று நம்பிய கண்ணாடிகளே, ஏன் பகையாளிபோல் பார்க்கிறீர்கள் என்று கேட்கிறார். முதல் காதலின் ஞாபகம்கூட யாருடையதோ மாதிரி இருக்கிறது என்பதும் அதே கவிதையில்தான். அங்கே கண்ணாடி உடையவில்லை. முழுசாக இருக்கிறது, அதுதான் தொந்தரவு.

அவள் வீட்டுப் பொருள் ஏதாவது உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒரு தூக்குப்பாத்திரம் இருக்கிறது என்றான். ஓணத்துக்கு அவள் வீட்டிலிருந்து அடைப்பிரதமன் பாயசம் வந்த பாத்திரம். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது அல்லவா? எதையாவது வைத்துக் கொடுக்கலாம் என்று அம்மா வைத்திருந்தாள். அதற்குள் அவள் நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போய், அங்கேயே கல்யாணமும் முடிந்து, அவர்கள் வீட்டையும் விற்றுவிட்டார்கள். பாத்திரத்தை எடுத்துவரச் சொன்னேன். கவிழ்த்தோம், நிமிர்த்தினோம், மூடியைத் திறந்து மூடினோம். அவன் தாளில் எழுதியதிலிருந்து வெட்டி வெட்டி வந்தது இது:

மூடியின் ஓரத்தில் புள்ளி புள்ளியாக
அவள் அம்மாவின் பேர்.
ஓணத்துக்கு அடைப்பிரதமன் வந்தது.
வெறும் பாத்திரம் திருப்பக் கூடாதென்று
முறுக்கு சுட இருந்தாள் அம்மா,
எண்ணெய் விலை கொஞ்சம் இறங்கட்டும் என்று.
இப்போது வத்தல் மிளகாய் இருக்கிறது இதில்.
மூடி இறுக்கம்.
அந்தப் பேரின்மேல் பெருவிரலை அழுத்தினால்தான்
திறக்கும்.

அவனுடைய முதல் எழுத்தில் முறுக்கு வரிக்குப் பிறகு “காலம் கடந்துவிட்டது” என்று இருந்தது. எண்ணெய் விலை வந்துவிட்டதால் அது வேண்டாம் என்றேன். கடைசியில் “கண் எரிகிறது, மிளகாயால்” என்று முடித்திருந்தான். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் அழுததைச் சொல்லிவிட்டு இல்லை என்று நடிக்கிற வரி. அதையும் எடுத்தோம். மூடி இறுக்கம் என்பதை அவன் தற்செயலாகச் சொன்னான், குறையாக. அந்தக் குறையில்தான் தடம் இருந்தது. அவள் அம்மாவின் பேரும் இவன் பெருவிரலும் ஒரே இடத்தில். அவளைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே என்று வருத்தப்பட்டான். இருக்கட்டும் என்றேன்.

மீதிச் சில்லறை விஷயங்கள். தலைப்பில் பொருளின் பேரை மட்டும் போடுங்கள். “நீ விட்டுச் சென்ற தூக்குப்பாத்திரம்” என்று தலைப்பு வைத்தால் கவிதைக்கு வேலையில்லை. ஊர்ச் சொல்லைப் புத்தகச் சொல்லாக மாற்றாதீர்கள். திருவலை என்று சொல்கிற வீட்டில் அது திருவலையாகவே இருக்கட்டும். எழுதிமுடித்ததும் ஒரு வாரம் பாத்திரத்தை வழக்கம்போலப் புழங்குங்கள், அப்புறம் திருத்துங்கள்.

பேர் விஷயத்தில் கவனம் வேண்டும். நாசிம் ஹிக்மெத் பிராயே என்று பேர் சொல்லியே எழுதினார், அவர் மனைவி. நீங்கள் எழுதுவது இப்போது வேறொருவர் வீட்டில் இருக்கிற பெண்ணை. களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் நடுவே எந்தப் பாத்திரம் யார் வீட்டுது என்று தெரியாதவர்கள் கிடையாது. அந்தப் பையன் கவிதையைப் பத்திரிகைக்கு அனுப்பும்போது, மூடியில் என்ன பேர் வெட்டியிருக்கிறது என்பதை எழுதவில்லை. வருஷமும் இருந்தது, அதையும் எடுத்துவிடச் சொன்னேன். பாத்திரத்தை விலைக்குக் கேட்டேன், தர மாட்டேன் என்றுவிட்டான்.